சாவியைத் தராத கைகள்

சென்ற ஆண்டு ஆவணியில் ஊருக்குப் போயிருந்தபோது பெரியம்மா வீட்டுச் சுவரில் புதிதாக ஒரு சட்டம் தொங்கிக்கொண்டிருந்தது. பெரியப்பாவின் படத்துக்கும் காலண்டருக்கும் நடுவே, பொன்னிற விளிம்பு போட்ட சான்றிதழ். மூன்று நாள் ‘தலைமைத்துவப் பயிற்சி முகாமை’ அவர் வெற்றிகரமாக முடித்திருப்பதாகவும், ‘ஆற்றல்படுத்தப்பட்ட தலைவராக’ சபைக்குத் திரும்புவதாகவும் அதில் எழுதியிருந்தது. கீழே இரண்டு கையெழுத்துகள். இரண்டும் அவருடையவை அல்ல.

பெரியம்மாவுக்கு எழுபத்தொரு வயது. பாளையங்கோட்டைக்குத் தெற்கே, தேரிக்காட்டை ஒட்டிய எங்கள் ஊர்ச் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தை முப்பது ஆண்டுகளாக நடத்திவருகிறவர். ஊரில் ஐயர் இல்லாமல் பதினொரு மாதம் கடந்த காலம் ஒன்று உண்டு. (எங்கள் பக்கத்தில் குருவானவரை ஐயர் என்றுதான் சொல்வோம்; வெளியூர் நண்பர்கள் குழம்பவேண்டாம்.) அந்தப் பதினொரு மாதமும் ஞாயிறு பள்ளி, வீட்டு ஜெபம், சாவு வீட்டு ஆறுதல், சண்டை போட்ட அண்ணன் தம்பியைச் சமாதானப்படுத்துவது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது அவரும் இன்னும் நான்கு பெண்களும்தான். அவருக்குத்தான் தலைமை தாங்குவது எப்படி என்று நகரத்திலிருந்து வந்த இளைஞர் ஒருவர் திரையில் படம் காட்டி வகுப்பெடுத்திருக்கிறார்.

நான் சிரித்துவிட்டேன். பெரியம்மா சிரிக்கவில்லை. “பிரேம் போட்டுத் தந்துட்டாவ மக்களே. எந்த ஆணியில மாட்டணும்னு மட்டும் என்னைய முடிவு பண்ணிக்கிடச் சொல்லிட்டாவ” என்றார்.

முகாம் முடிந்த இரண்டாம் வாரத்தில் நடந்ததை அதன்பிறகுதான் சொன்னார். சங்கத்துப் பெண்கள் தினமும் உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். மாதக் கடைசியில் அதைக் கோயிலில் ஏலம் விட்டு வரும் பணம் சங்கக் கணக்கில் சேரும். பிடியரிசிக் காணிக்கை என்பது திருநெல்வேலிச் சீமைச் சபைகளில் பல தலைமுறைப் பழக்கம். அந்தக் கணக்கில் நாற்பதாயிரத்துக்குச் சற்று மேல் இருந்தது. சபையில் தனியாக வாழும் விதவை ஒருவரின் வீட்டு ஓடுகள் சரிந்து கிடந்தன. மழைக்கு முன்னால் ஆறாயிரம் ரூபாய் செலவழித்து ஓடு மாற்றித் தரவேண்டும் என்று சங்கத்துப் பெண்கள் இருபத்திரண்டு பேரும் கூடி ஒருமனதாக முடிவெடுத்தார்கள். ஆனால் பணத்தை எடுக்க ஐயரின் கையெழுத்து வேண்டும். ஐயர் கெட்டவர் அல்ல. கமிட்டி கூடட்டும் என்றார். கமிட்டி கூடியபோது கார்த்திகை பிறந்துவிட்டது. ஐப்பசி மழையிலேயே மேற்குச் சுவர் விழுந்து, அந்த அம்மாள் தூத்துக்குடியிலிருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். இனி அவர் ஊருக்குத் திரும்பமாட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இதுதான் விஷயம். இதைப் பற்றித்தான் கொஞ்சம் கடுமையாகவே எழுதப்போகிறேன்.

*

ஆங்கிலத்தில் ‘எம்பவர்மென்ட்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அதைத் தமிழில் மூன்று விதமாகச் சொல்கிறார்கள்: ஆற்றல்படுத்தல், வலுவூட்டல், அதிகாரமளித்தல். மூன்றும் ஒன்றல்ல. முதல் இரண்டும், எதிரில் இருப்பவர் ஆற்றலற்றவர், வலுவற்றவர் என்று வைத்துக்கொண்டு தொடங்குகின்றன. மூன்றாவது அப்படியல்ல. அதில் குறை கொடுப்பவரிடம் இருக்கிறது. அவர் இதுவரை தன்னிடம் வைத்துக்கொண்டிருந்ததைக் கொடுக்கவேண்டும். நம் திருச்சபைகளின் சுற்றறிக்கைகளிலும் முகாம் அழைப்பிதழ்களிலும் முதல் இரண்டு சொற்களே திரும்பத் திரும்ப வருகின்றன. மூன்றாவதை நான் அபூர்வமாகவே பார்த்திருக்கிறேன். தற்செயல் என்று நம்ப ஆசைதான்.

பெரியம்மாவுக்கு ஆற்றல் குறைவு இல்லை. பதினொரு மாதம் ஒரு சபையைச் சிதறாமல் காத்தவருக்கு யாரும் எதையும் ஊட்டவேண்டியதில்லை. அவருக்கு இல்லாதது ஆறாயிரம் ரூபாய்க்கு ஒரு கையெழுத்து. அதைத் தருவதற்கு மூன்று நாள் முகாம் தேவையில்லை. ஒரு தீர்மானம் போதும். தீர்மானம் போடுவது கடினம், முகாம் நடத்துவது எளிது. ஆகவேதான் இத்தனை முகாம்கள் என்பது என் வாதம்.

முகாமில் கொடுத்த கோப்பைப் புரட்டிப் பார்த்தேன். ‘ஊழியத் தலைமை’ என்ற தலைப்பில் பன்னிரண்டு பக்கங்கள். இந்தத் தொடருக்கு ஒரு பின்கதை உண்டு. இலக்கிய வாசகர்களுக்கு அது சுவாரசியமாக இருக்கும். ராபர்ட் கிரீன்லீஃப் என்ற அமெரிக்கர் ஏடி அண்ட் டி என்னும் பெருந்தொலைபேசி நிறுவனத்தில் நெடுங்காலம் பணியாற்றி, 1964இல் ஓய்வுபெற்று, 1970இல் ‘தலைவனாகும் ஊழியன்’ என்ற கருத்தை முன்வைத்து ஒரு கட்டுரை எழுதினார். ஹெர்மன் ஹெஸ்ஸேயின் ‘கிழக்கு நோக்கிய பயணம்’ என்ற குறுநாவலிலிருந்து அந்த எண்ணம் பிறந்ததாக அவரே சொல்கிறார். அதில் லியோ என்ற வேலைக்காரன் பயணக் குழுவுக்குச் சுமை தூக்குகிறான். அவன் காணாமல் போனதும் குழு சிதறுகிறது. அந்தக் குழுவை அனுப்பிய அமைப்பின் தலைவனே அவன்தான் என்று கடைசியில் தெரியவருகிறது.

அழகான கதைதான். ஆனால் அது யாருக்குச் சொல்லவேண்டிய கதை? தலைவனாக இருக்கிறவனுக்கு, நீ சுமை தூக்கு என்று அவனிடம் சொல்லவேண்டும். முப்பது வருடமாகச் சுமை தூக்குகிறவளை உட்காரவைத்து ஊழியமே தலைமை என்று போதித்தால், நீ இப்படியே இருந்துகொள் என்பதைத் தவிர அதில் வேறென்ன செய்தி இருக்கிறது? யோவான் சுவிசேஷத்தில் சீஷர்களின் கால்களைக் கழுவுகிறவர் குரு. கழுவும் முன் தன் மேல்வஸ்திரத்தைக் கழற்றி வைக்கிறார். மேல்வஸ்திரமே இல்லாதவரிடம் போய்க் கழற்றச் சொல்வது அந்தக் காட்சிக்குச் செய்யும் அவமரியாதை.

*

இது புதிய நோய் அல்ல. நம் திருச்சபையின் வரலாறு முழுக்க இந்த ஒரு கேள்விதான் ஓடிக்கொண்டிருக்கிறது: பொறுப்பைக் கொடுக்கலாமா, இன்னும் காலம் வரவில்லையா?

திருநெல்வேலிச் சபையின் தொடக்கத்திலேயே ஒரு பெண் நிற்கிறார். தஞ்சாவூர்ப் பக்கத்து மராத்திப் பிராமண விதவையான குளோரிந்தா 1778இல் சுவார்ட்ஸிடம் ஞானஸ்நானம் பெற்றார். 1780இல் எழுதப்பட்ட பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. முதல் பெயர் அவருடையது. 1785இல் கட்டி முடிக்கப்பட்ட முதல் ஆலயம் அவர் முயற்சியால் எழுந்தது. ஊர்மக்கள் இன்றும் அதைப் பாப்பாத்தி அம்மாள் கோயில் என்றே சொல்கிறார்கள். அவருக்கு யார் தலைமைத்துவப் பயிற்சி கொடுத்தார்கள்? சொல்லப்போனால் முதலில் அவருக்கு ஞானஸ்நானமே மறுக்கப்பட்டது. அவர் காத்திருக்கவில்லை, சபையைக் கூட்டினார். அங்கீகாரம் பின்னால் வந்து சேர்ந்தது.

பெண்ணால் நிறுவப்பட்ட சபை இது. ஆனால் தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண் முதன்முதலாகக் குருப்பட்டம் பெற்றது 1976இல். குளோரிந்தாவின் ஞானஸ்நானத்திலிருந்து கணக்கிட்டால் 198 ஆண்டுகள். முதல் பெண் பேராயர் 2013இல் நந்தியால் திருமண்டலத்தில் அபிஷேகம் பெற்றார். இடைப்பட்ட இந்த நூற்றாண்டுகளில் பிடியரிசி மட்டும் தடையில்லாமல் வந்துகொண்டிருந்தது.

ரேனியஸ் ஐயரின் கதை எல்லோருக்கும் தெரியும். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்து ஊர் ஊராகச் சபைகளை எழுப்பியவர். தன்னோடு உழைத்த உபதேசியார்களுக்குத் தானே குருப்பட்டம் கொடுக்கவேண்டும் என்றார். பேராயர் வழியாக ஆங்கிலிக்கன் முறைப்படிதான் அது நடக்கவேண்டும் என்றது சி.எம்.எஸ். அவர் ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குகளை விமர்சித்து எழுதியதும் சேர்ந்துகொள்ள, 1835இல் விலக்கப்பட்டார். சபைகள் பிளவுபட்டன. 1838இல் இறந்தார். அந்தச் சண்டையில் இறையியல் நியாயங்கள் இருபக்கமும் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் ஊருக்குள் நடந்து நடந்து பாதம் வெடித்த உபதேசியாருக்குத் திருவிருந்து கொடுக்கும் உரிமை யாரால், எப்போது தரப்படும் என்பதுதான் சண்டையின் நடுப்புள்ளி.

இதே சி.எம்.எஸ். சங்கத்தின் செயலராக 1841 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இருந்த ஹென்றி வென், மிஷன் என்பது தானாகவே மறையவேண்டிய ஒன்று என்று எழுதினார். உள்நாட்டுச் சபை தன் செலவைத் தானே பார்க்கவேண்டும், தன்னைத் தானே ஆளவேண்டும், தானே பரப்பவேண்டும். இந்தக் கொள்கையின் பேரில்தான் அடிமைக் கப்பலிலிருந்து மீட்கப்பட்ட யோருபா இனத்தவரான சாமுவேல் குரௌத்தர் 1864இல் பேராயராக்கப்பட்டார். பிறகு என்ன நடந்தது? வென் மறைந்தபின் இங்கிலாந்திலிருந்து புதிய இளம் மிஷனரிகள் நைஜருக்கு வந்தார்கள். 1890இல் அந்த முதிய பேராயரின் கண்ணெதிரிலேயே அவருடைய ஊழியர்களைக் குற்றஞ்சாட்டிப் பணிநீக்கம் செய்தார்கள். 1891 டிசம்பர் 31 அன்று அவர் இறந்தார். அவருக்குப்பின் அந்த இடத்துக்கு ஒரு வெள்ளையர் நியமிக்கப்பட்டார். கொடுத்த அதிகாரத்தைத் திரும்பப் பிடுங்குவதற்குச் சொல்லப்பட்ட காரணம் என்னவென்று ஊகிக்கக் கடினமில்லை: இவர்கள் இன்னும் தயாராகவில்லை.

நம்மவரான வேதநாயகம் சாமுவேல் அசரியாவுக்கு வருவோம். 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் இந்திய மிஷனரி சங்கத்தைத் திருநெல்வேலியில் தொடங்கியவர்களில் முதன்மையானவர். இந்தியர் பணம், இந்தியர் உழைப்பு, இந்தியர் நிர்வாகம் என்பது அதன் அடிப்படை. 1910இல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியபோது, அந்தச் சபை நடுவே எழுந்து, வெள்ளை மிஷனரிகளின் தியாகத்தையெல்லாம் ஒப்புக்கொண்டபின், எங்களுக்கு வேண்டியது உங்கள் நட்பு என்று பேசினார். பலர் முகம் சுளித்தார்கள். அவர் கேட்டது உபசார நட்பை அல்ல. சமானமானவர்கள் நடுவில் மட்டும் சாத்தியமாகும் ஒன்றை. 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா தூய பவுல் பேராலயத்தில் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார். எதிர்த்தவர்களில் வெள்ளையர்கள் மட்டுமல்ல, அவருடைய சாதியைச் சுட்டிய இந்தியக் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள் என்பதை நாம் வசதியாக மறந்துவிடுகிறோம்.

அவர் தோர்ணக்கல்லில் செய்ததைக் கவனியுங்கள். மாலா, மாதிகா மக்கள் நடுவிலிருந்தே கிராம ஆசிரியர்களை எடுத்தார். அவர்களைப் பயிற்றுவித்தபோது அவர்களின் மனைவியரையும் சேர்த்துப் பயிற்றுவித்தார். பயிற்சி முடிந்ததும் கிராமத்தை அவர்களிடம் விட்டார். பயிற்சி என்பது அங்கே பொறுப்பின் வாசல்; பொறுப்புக்குப் பதிலாகத் தரப்படும் ஆறுதல் பரிசு அல்ல. ஆனால் அவருடைய வெற்றியைப் பார்த்தபிறகும் அவருடைய சபை என்ன செய்தது? 1945 ஜனவரி 1 அன்று அவர் இறக்கும்வரை, ஒரு முழு மறைமாவட்டத்தின் பொறுப்பில் இருந்த ஆங்கிலிக்கன் பேராயர்களில் இந்தியர் அவர் ஒருவரே. முப்பத்திரண்டு ஆண்டுகள், ஒரே ஒருவர். ஒருவரை மேடையில் ஏற்றிவிட்டு ஏணியை எடுத்துவிடுவது எப்படி என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடையாது.

அசரியா பேராயரான அதே 1912இல்தான் ரோலண்ட் ஆலன் என்ற முன்னாள் சீன மிஷனரி ஒரு புத்தகம் வெளியிட்டார்: மிஷனரி முறைகளில் நாம் பின்பற்றுவது பவுலின் முறையா, நம்முடையதா? பவுல் ஓர் ஊரில் சில மாதங்களோ ஓரிரு ஆண்டுகளோதான் தங்கினார், உள்ளூர் மூப்பர்களை நியமித்தார், போய்விட்டார். தவறு செய்தார்கள், கடிதம் எழுதித் திருத்தினார். கொரிந்து சபையில் நடக்காத அக்கிரமமா? அதற்காக அவர் எருசலேமிலிருந்து நிர்வாகியை வரவழைக்கவில்லை. நம்பிப் பொறுப்பைக் கொடுத்தபிறகே ஒருவர் நம்பத்தக்கவர் ஆகிறார் என்பது ஆலனின் சாரம். நம்முடைய முறை இதற்கு நேர்மாறு: நம்பத்தக்கவர் என்று நிரூபி, பிறகு பார்க்கலாம்.

*

1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. நாடு விடுதலையடைந்து ஆறு வாரம். வெள்ளைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக நாற்காலியிலிருந்து எழுந்தார்கள். நாம் உட்கார்ந்தோம். நாற்காலியை மாற்றவேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

‘இன்னும் தகுதி வரவில்லை’ என்று அவர்கள் நம்மைப் பார்த்துச் சொன்னதை, இப்போது நாம் உபதேசியாரைப் பார்த்துச் சொல்கிறோம். பெண்களைப் பார்த்துச் சொல்கிறோம். தெருவுக்கு வெளியே இருக்கும் தெருவைப் பார்த்துச் சொல்கிறோம். குரல்கூட அப்படியே இருக்கிறது. அதே கனிவு, அதே பெருமூச்சு.

திருச்சபையில் ஜனநாயகம் இல்லையா, சேகரக் கமிட்டிக்கும் திருமண்டலப் பெருமன்றத்துக்கும் தேர்தல் நடக்கிறதே என்று கேட்பார்கள். நடக்கிறது. அந்தத் தேர்தல்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், சுவரொட்டி முதல் விருந்து வரை எதிலும் சட்டமன்றத் தேர்தலுக்குக் குறைவில்லை. எதற்காக இத்தனை வேகம்? பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள், நிலங்கள். அவற்றில் ஆசிரியர் நியமனம், இடமாற்றம். இவை எல்லாம் உச்சியில் சிலர் கையில் குவிந்திருக்கின்றன. எங்கே சாவிகள் ஒரே கொத்தாகத் தொங்குகின்றனவோ அங்கே கைகலப்பு நடக்கும். பின்னர் வழக்கு. 2024இல் தென்னிந்தியத் திருச்சபையின் சினாட் நிர்வாகத்தைக் கவனிக்க ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரைச் சென்னை உயர்நீதிமன்றம் நியமித்தது. விவகாரம் உச்சநீதிமன்றம் வரை போனது. யார் சரி, யார் தவறு என்பது நீதிமன்றத்தின் வேலை. ஆனால் சொந்தத் தலைவர்களை வளர்க்க எழுபத்தேழு ஆண்டுகள் அவகாசம் இருந்த ஒரு சபைக்குத் தன் வீட்டை நடத்த வெளியிலிருந்து ஆள் வரவேண்டியிருந்தது. வெள்ளைக்காரன் சொன்னது சரிதானோ என்று யாராவது கேட்டால் நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம்?

கத்தோலிக்க நண்பர்கள் இதைப் படித்துப் புன்னகைக்க வேண்டாம். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப்பின் பொதுநிலையினரின் பங்கேற்பு பற்றி எவ்வளவு பேசப்பட்டது! ஆனால் 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 536ஆம் எண்ணைப் பாருங்கள்: பங்குப் பேரவைக்கு ஆலோசனை வாக்கு மட்டுமே உண்டு. பேசலாம், முடிவெடுக்கமுடியாது. 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் மக்களை ஆற்றல்படுத்துவதற்கென்றே ஒரு கொள்கை ஆவணம் வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டது நேர்மையான செயல், அதை மதிக்கிறேன். ஆனால் அதற்கு இருபத்துநான்கு ஆண்டுகள் முன்னரே, 1992இல், பாமா ‘கருக்கு’ எழுதிவிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குப் பணிசெய்யப் போகிறோம் என்று நம்பி மடத்துக்குள் நுழைந்த ஒரு தலித் பெண், ஏழு ஆண்டுகளுக்குப்பின் ஏன் வெளியே வந்தார் என்பதை அந்தப் புத்தகத்தைப் படித்தவர்கள் அறிவார்கள். அவருக்கு ஆற்றல் இல்லாமலா போயிற்று? ஆற்றல் உள்ள ஒருவர் உள்ளே இருக்கமுடியாமல் போனதல்லவா அங்கே பிரச்சினை?

*

மூன்று எதிர்வாதங்களை எதிர்பார்க்கிறேன்.

முதலாவது: கிராமத்து மக்களிடம் பணத்தைக் கொடுத்தால் முறைகேடு நடக்கும். நடக்கலாம். மேலே நடப்பதில்லையா? ஒரு சிற்றூர்ச் சங்கத்தில் ஆறாயிரம் ரூபாய் காணாமல் போனால் மறுநாள் காலை குழாயடியில் தெரிந்துவிடும். யார் எடுத்தது, என்ன வாங்கினார் என்பதுவரை தெரிந்துவிடும். பெருந்தொகை தொலைவில் காணாமல் போனால் தெரிவதற்குப் பத்து ஆண்டும் ஒரு நீதிமன்றமும் தேவைப்படுகிறது. முறைகேட்டைத் தடுப்பது தூரம் அல்ல, அருகாமை.

இரண்டாவது: தேர்தல்தான் சபையைக் கெடுத்தது, எல்லாவற்றையும் பேராயரிடமே விட்டுவிட்டால் அமைதி வரும். இதைப் பல நல்லவர்கள் சொல்கிறார்கள், களைத்துப்போய்ச் சொல்கிறார்கள். அவர்களின் களைப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தேர்தல் அசிங்கமானதற்குக் காரணம், வென்றவருக்குக் கிடைப்பது அளவுக்கு மீறியதாக இருப்பது. பரிசைப் பிரித்துக் கீழே கொடுத்துவிட்டால் பந்தயம் தானாகச் சிறுத்துவிடும். ஒருவரிடமே கொடுப்பதென்றால் பரிசு இன்னும் பெரிதாகும்; பந்தயம் திரைக்குப் பின்னால் போகும், அவ்வளவுதான்.

மூன்றாவதுதான் ஆழமானது, ஆகவே ஆபத்தானது. கிறிஸ்தவன் அதிகாரத்தைக் கேட்கலாமா? சிலுவையைச் சுமக்கவேண்டியவனுக்குக் கையெழுத்து உரிமை எதற்கு? இந்தக் கேள்விக்கு என் பதில் அப்போஸ்தலர் நடபடிகளின் ஆறாம் அதிகாரம். எருசலேம் சபையில் முணுமுணுப்பு எழுகிறது. அன்றாடப் பந்திவிசாரணையில் கிரேக்க மொழி பேசும் விதவைகள் விடுபடுகிறார்கள் என்பது குறை. அப்போஸ்தலர்கள் என்ன செய்தார்கள்? விதவைகளுக்குப் பொறுமை பற்றி வகுப்பெடுக்கவில்லை. கமிட்டி கூடட்டும் என்று சொல்லவில்லை. நீங்களே ஏழு பேரைத் தெரிந்துகொள்ளுங்கள் என்று சபையிடமே விட்டார்கள். தெரிந்துகொள்ளப்பட்டவர்களின் பெயர்களைப் படியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோர், நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள். குறை சொன்ன தரப்பின் கையிலேயே பகிர்ந்தளிக்கும் பொறுப்பைக் கொடுத்துவிட்டது அந்தச் சபை. பிறகுதான் அவர்கள்மேல் கை வைத்து ஜெபிக்கிறார்கள். கை வைப்பது அங்கே ஒரு பொருளை ஒப்படைப்பதன் அடையாளம். நாம் கையை மட்டும் வைக்கிறோம். பொருளை எடுத்துக்கொண்டு போய்விடுகிறோம்.

அங்கேயும் ஒரு விதவையின் சோறுதான் கேள்வி. எங்கள் ஊரில் ஒரு விதவையின் ஓடு.

*

விமர்சிப்பது எளிது, வழியைச் சொல் என்பார்கள். பெரிய வழி எதுவும் என்னிடம் இல்லை. சிறியவை சில உண்டு.

பெண்கள் சங்கம் சேர்க்கும் பணத்தை எடுக்க அந்தச் சங்கத்தின் செயலரும் பொருளரும் போடும் கையெழுத்தே போதும் என்று சேகரங்கள் தீர்மானிக்கட்டும். ஐயர் கணக்கைப் பார்க்கட்டும், கதவை அடைக்கவேண்டாம். ஊர்ச் சபையின் வரவுசெலவு மாதந்தோறும் கோயில் வாசலில் எல்லோரும் படிக்கிற எழுத்தில் ஒட்டப்படட்டும். எந்தப் பொறுப்பிலும் ஒருவர் இரண்டு தடவைக்கு மேல் தொடரவேண்டாம். அது பேராயத்தின் உச்சியிலிருந்து தொடங்கட்டும். பணத்தைப் பற்றி முடிவெடுக்கும் குழுக்களில் பெண்களுக்கும் தலித் மக்களுக்கும் இடம் உறுதியாகட்டும். வரவேற்புக் குழுவிலும் அசனப் பந்தி பரிமாறும் குழுவிலும் அவர்களுக்கு எப்போதுமே இடம் இருந்திருக்கிறது. அதை ஒரு சாதனையாகச் சொல்லவேண்டாம். ஊரிலேயே வாழ்ந்து, ஊராரால் மதிக்கப்பட்டு, இருபது முப்பது ஆண்டு உழைத்த உபதேசியார்களில் தக்கவர்களுக்குப் பட்டப்படிப்பைக் காரணம் காட்டாமல் திருவிருந்து நடத்தும் உரிமை கிடைக்கட்டும். இல்லாவிட்டால் மாதத்துக்கு ஒரு முறை பைக்கில் வந்து, அப்பத்தையும் ரசத்தையும் கொடுத்துவிட்டு அடுத்த ஊருக்கு விரையும் ஐயருக்காகச் சபைகள் காத்துக்கொண்டே இருக்கும்.

இவை செய்யப்பட்டபின் முகாம் நடத்துங்கள். கணக்கு எழுதுவது எப்படி, கூட்டம் நடத்துவது எப்படி, சண்டையைத் தீர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுங்கள். பெரியம்மாவே முதல் வரிசையில் வந்து உட்காருவார். சமைக்கத் தெரியவேண்டியவருக்கு அடுப்பும் அரிசியும் கொடுத்தபிறகு சமையல் வகுப்பு எடுப்பதில் அர்த்தம் இருக்கிறது.

இதையெல்லாம் எழுதும்போது ஒன்றை மறைக்கக்கூடாது. என் அப்பா அதே சேகரக் கமிட்டியில் ஒன்பது ஆண்டுகள் உறுப்பினராக இருந்தவர். விடுமுறைக்கு வரும் நான் திண்ணையில் உட்கார்ந்து, கமிட்டிக் கூட்டம் முடிந்து வருகிறவர்களுக்குக் காப்பி கொண்டுவந்து கொடுக்கும் பெரியம்மாவைப் பார்த்திருக்கிறேன். அவர் ஏன் உள்ளே உட்காரவில்லை என்று எனக்கு ஒரு தடவைகூடத் தோன்றியதில்லை. அவர் கையில் எப்போதும் ஒரு சாவி இருக்கும். இரும்புச் சாவி, ஒரு முழ நீளக் கயிற்றில் கோத்தது. கோயில் வாசற்கதவின் சாவி. சனிக்கிழமை மாலை திறந்து பெருக்கி, பாய் விரித்து, ஞாயிறு காலை முதல் மணி அடிப்பது அவர்தான். முப்பது ஆண்டுகளாக அந்தச் சாவி அவரிடம் இருக்கிறது. அதை யாரும் அவரிடமிருந்து திருப்பிக் கேட்டதில்லை.

உள்ளே, பலிபீடத்துக்கு வலப்பக்க அறையில், ஒரு பச்சை நிறப் பீரோ இருக்கிறது. சங்கத்தின் கணக்குப் புத்தகமும் காசோலைப் புத்தகமும் அதில்தான் இருக்கின்றன. போன வாரம் தொலைபேசியில் பேசியபோது, அந்தப் பீரோவைத் துடைப்பதும் அவர்தானா என்று கேட்டேன்.

“வெளிய மட்டும்” என்றார் பெரியம்மா.